தெரிந்து தெளிதல்

தமிழில் ‘தெளிதல்’ என்ற சொல்லுக்குக் கலங்கல் நீங்குதல் என்றும் பொருளுண்டு; நம்புதல் என்றும் பொருளுண்டு. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் இரண்டாவது பொருளை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லியாக வேண்டும். ஆராய்ந்த பின்னரே நம்புக என்பதே அத்தலைப்பின் கருத்து. இவ்விரு பொருள்களும் எதிரெதிரே நிற்பதை நான் கண்டது வகுப்பறையில் அன்று, ஒரு நீச்சற்குளத்தின் கரையில்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் உப்புநீர்க் குளம் ஒன்று உண்டு. உப்புநீர் என்றதும் கடலை நினைக்க வேண்டாம். கடல்நீரின் உப்பில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். குழாய்வழியில் பொருத்தப்பட்ட தகடுகளுக்கிடையே மின்சாரம் பாயும்போது அந்த உப்பிலிருந்து குளோரின் பிறக்கிறது. உப்பு மிகவும் குறைந்துபோனால் கருவி தானாகவே நின்றுவிடும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. நல்லவேளையாகத் தெருவெள்ளம் எங்கள் குளத்துக்குள் புகவில்லை. புகுந்திருந்தால் நீர் முழுவதையும் வெளியேற்றிக் கழுவ வேண்டியிருந்திருக்கும். வந்து சேர்ந்தது வானத்து நீர் மட்டுமே. மின்சாரம் திரும்பி, மிதந்த சருகுகளை அரித்தெடுத்தபின் குளம் பளிங்கு போலிருந்தது. குழந்தைகள் துண்டோடு வந்து நின்றார்கள்.

“கண்ணாடி மாதிரி இருக்கு, திறந்து விடப்பா” என்றார் சங்க நிர்வாகிகளில் ஒருவர்.

“இன்னும் டெஸ்ட் பண்ணலை சார்” என்றார் குளத்தைப் பராமரிக்கும் இளைஞர். ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு இருப்பவர் அவர். ஒரு புகார் போதும், அவர் வேலை போய்விடும்.

முதலில் மோட்டாரைச் சில மணி நேரம் ஓடவிட்டார். மழைநீர் உப்புநீரைவிட இலேசானது. கலக்காவிட்டால் மேலாகத் தங்கிவிடும். மேல்நீரை முகந்து சோதிப்பவர் மழையைத்தான் சோதிக்கிறார். பிறகு முழங்கை ஆழத்திலிருந்து நீரெடுத்துக் குளோரினுக்குரிய மாத்திரையை இட்டார். எழ வேண்டிய இளஞ்சிவப்பு எழவேயில்லை. உப்பு லிட்டருக்கு 3,200 மில்லிகிராமிலிருந்து 2,400 ஆகியிருந்தது. காரத்தன்மை 100 மில்லிகிராமிலிருந்து 75. பளிங்கு போன்ற அந்த நீரில் கிருமியைத் தடுக்க ஒன்றுமே இல்லை.

அவர் செய்த சிகிச்சையில் ஓர் ஒழுங்கு இருந்தது. பிஎச் அளவு தாவாமல் தாங்கிப் பிடிப்பது காரத்தன்மை. ஆகவே நான்கு கிலோவுக்குச் சற்று மேலாக ஆப்பசோடா முதலில். வெயில் குளோரினைத் தின்றுவிடும். அதைக் காக்கும் சயனூரிக் அமிலமும் மழையில் நீர்த்துப் போயிருந்ததால், திரவக் குளோரினை மாலையில்தான் ஊற்றினார். மறுநாள் உப்பு. கணக்குப்படி 80 கிலோ வேண்டும். அவர் 60 கிலோ மட்டுமே இட்டார்.

“ஏன் தம்பி, முழுசா போட்டுடலாமே?” என்றேன்.

“போடுறது சுலபம் சார். கூடிப்போச்சுன்னா உப்பை எடுக்க முடியாது, தண்ணியத்தான் வெளியேத்தணும்.”

சுற்றவிட்டு, அளந்து, மிச்சத்தை அதன் பிறகே சேர்த்தார். நிர்வாகி இருமுறை வந்து முகம் சுளித்துவிட்டுப் போனார். ஒப்பந்தக்காரரை அழைக்கப்போவதாகவும் சொன்னார். அவர் கையில் அந்தச் சோதனைக் குழாயைக் கொடுத்து, “நிறம் தெரிகிறதா, பாருங்கள்” என்று மட்டும் கேட்டேன். அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தார்.

நம் கவிதை மரபு தெளிந்த நீரைப் போற்றுவது. அந்த அழகில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆயினும் கண் காணும் தெளிவு வேறு, அளந்து பெறும் தெளிவு வேறு என்பதைப் பத்தாம் வகுப்பைத் தாண்டாத அந்த இளைஞர் அறிந்திருந்தார். அறிந்ததற்காகக் கூலியை இழக்கவும் துணிந்திருந்தார்.

மூன்றாம் நாள் பிஎச் 7.4, குளோரின் 2 என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டபின் கதவைத் திறந்தார். என் மகளும் அந்த நீரில்தான் இறங்கினாள்.