புகையிரதம் போன பாதை

ஒரு நாட்டிலே புகையிரதம் ஓடத் தொடங்கிய வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். அது ஓடாது விடப்பட்ட பின்னர் அந்நிலத்துக்கு நேர்ந்தது யாது என்பது அத்துணை எழுதப்பட்டதன்று. பிரித்தானியாவில் 1963 ஆம் ஆண்டு வெளியான பீச்சிங் அறிக்கை, ஏறத்தாழ 5,000 மைல் நீளமான பாதைகளையும் 2,363 நிலையங்களையும் மூடிவிடுமாறு விதந்துரைத்தது. வருவாய் தராத பாதை வேண்டாத பாதை என்பதே அதன் தருக்கம். தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, சில இடங்களிற் பாலங்கள் தகர்க்கப்பட்டன, நிலம் துண்டு துண்டாகக் கைமாறிற்று. குன்றைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் முன்னோர் அமைத்த நெடிய நிலத்தொடர் ஓரிடத்தில் அறுபட்டாலும் அதன் பயன் கெட்டுவிடும். பல காணிகளாகப் பிரிந்ததை மீண்டும் ஒன்றாக்கல் எந்த அரசாங்கத்துக்கும் எளிதன்று.

இந்நிலையிலேதான் பிறிஸ்ரல் நகரையும் பாத் நகரையும் இணைத்த பாதையின் கதை கவனத்துக்குரியதாகின்றது. 1869 இல் திறக்கப்பட்ட அப்பாதையிற் பயணிகள் சேவை 1966 இல் நிறுத்தப்பட்டது. எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய எழுபதுகளில், துவிச்சக்கர வண்டிப் பயணத்தை ஆதரித்த பிறிஸ்ரல்வாசிகள் சிலர் 'சைக்கிள்பேக்' என்னும் குழுவை 1977 இல் அமைத்தனர். வீதிகள் யாவும் மோட்டார் வாகனங்களுக்கே உரியனவாய்விட்டமையைக் கண்டித்து மனு எழுதுவதோடு அவர்கள் அமையவில்லை. 1979 இல் பாத் நகருக்கும் பிற்றன் என்ற கிராமத்துக்கும் இடையே பற்றை மண்டிக் கிடந்த பகுதியில் மண்வெட்டியோடு இறங்கினர். தொண்டர்களின் உழைப்பில் முதற்பகுதி உருவாயிற்று. பின்னர் உள்ளூராட்சி மன்றத்தின் துணையும் கிட்ட, 1986 இல் 13 மைல் நீளமும் நிறைவெய்திற்று. அக்குழுவினின்றும் கிளைத்த 'சஸ்ட்ரான்ஸ்' என்ற அமைப்பு பின்னாளில் நாடு முழுவதும் இத்தகைய பாதைகளை அமைத்தது.

பழைய புகையிரதப் பாதை நடப்போர்க்கு ஏற்றதாயமைந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. பாரத்தை இழுத்துச் செல்லும் நீராவி இயந்திரம் செங்குத்தான ஏற்றத்தில் ஏறவியலாது. ஆகவே பொறியியலாளர் ஏற்ற இறக்கத்தை இயன்றவரை மென்மையாக்கினர். இயந்திரத்தின் அந்த இயலாமையே முதியோருக்கும், சில்லுக் கதிரையிற் செல்வோருக்கும், முதன்முதலாகத் துவிச்சக்கர வண்டி பழகும் சிறுவர்க்கும் நூறாண்டின் பின் வாய்ப்பாயிற்று.

இலங்கையர் இவ்வுழைப்பைச் சிரமதானம் என்று உடனே இனங்கண்டு கொள்வர். ஆனால் சிரமதானம் பெரும்பாலும் ஒருநாட் காரியம். தேநீரும் புகைப்படமுமாக மாலையில் முடிந்துவிடுவது. பாதையோ ஒவ்வோராண்டும் மீண்டும் அழைக்கின்றது. அதன் முதற் பகைவன் நீர். வெட்டுப் பள்ளங்களின் இரு மருங்கிலுமிருந்து வழியும் நீரை ஏற்க அன்று அமைத்த வாய்க்கால்கள் மண் மூடினால், நீர் பாதையின் அடித்தளத்திற் புகுந்து அதனை இளக்கிவிடும். இலையுதிர் காலத்தில் விழும் இலைகள் வாராது விடப்பட்டால் மக்கிச் சேறாகி வழுக்கும். சில ஆண்டுகளில் அச்சேற்றின்மீது புல் முளைத்துப் பாதையின் அகலத்தை இரு பக்கமுமிருந்து தின்னும். மரவேர் தாரைக் கீழிருந்து உயர்த்தும். முட்கொடிகள் ஒரு கோடையிலேயே ஆளுயரம் வளர்ந்து கண்ணை உரசும். நினைத்தபோதெல்லாம் வெட்டவும் இயலாது. பறவைகள் கூடு கட்டும் இளவேனிலிலும் கோடையிலும் அரிவாளுக்கு ஓய்வு. பயன்பாட்டிலுள்ள கூட்டைச் சிதைத்தலை 1981 ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியுள்ளது. எனவே கடின வேலைகள் பலவும் குளிர்காலத்து ஈர நாட்களுக்கே எஞ்சுகின்றன. திறப்பு விழாவுக்கு வரும் பிரமுகர் எவரும் வாய்க்கால் தூர்வார வந்ததாகச் செய்தி இல்லை.

இப்பராமரிப்பின் பெறுமதி ஒரு தகராற்றின்போதே வெளிப்பட்டது. 2008 ஆம் ஆண்டளவில் இப்பாதையின் ஒரு பகுதியில் விரைவுப் பேருந்து சேவை நடத்தும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பேருந்தும் பொதுமக்களுக்குரியதே, திட்டமிட்டோரை வெறும் பகைவராகக் கருதுதல் நேர்மையாகாது. ஆனால் அவர்களது வரைபடத்தில் அப்பாதை ஒரு வெற்றிடமாகத் தோற்றியமைதான் வியப்பு! எவருடைய கையும் படாது கிடந்த நிலமன்று அது; தலைமுறை ஒன்றின் உழைப்பினால் வெறுமையாக வைத்திருக்கப்பட்ட நிலம். எதிர்ப்பு வலுத்து அத்திட்டம் கைவிடப்பட்டது.

நடைபாதையானால் புகையிரதம் என்றுமே திரும்பாது என்பதும் உண்மையன்று. பிற்றனில் வேறொரு தொண்டர் கூட்டம் தண்டவாளத்தை மீண்டும் இட்டுப் பழைய இயந்திரங்களை ஓட்டுகின்றது. இரட்டைப் பாதையாக இருந்த நிலமாதலின் இரண்டுக்கும் இடமுண்டு. மறுபுறம், இம்முறை எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்றும் கொள்ளலாகாது. 1990 இன் பின் புகையிரதமின்றிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதையில் தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. அங்கிருந்தோர் வேண்டியது நடைபாதையன்று, யாழ்தேவி. அது 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது.

பாத் நகரின் தெற்கே கூம்டவுன் என்னுமிடத்திற் சுரங்கம் ஒன்றுண்டு. காற்றுத் துளை எதுவுமற்ற அதனுள்ளே 1929 நவம்பரில் புகையினால் இயந்திர ஓட்டுநர்கள் மயங்கினர். கட்டுப்பாடிழந்த வண்டி பாத் நகர்ச் சரக்கு முற்றத்தில் மோதி மூவர் இறந்தனர். அப்பாதையும் 1966 இல் மூடப்பட்டது. உள்ளூர்வாசிகள் குழுவாகக் கூடிப் பல ஆண்டுகள் முயன்றதன் பேறாக, 1,672 மீற்றர் நீளமான அச்சுரங்கம் 2013 ஏப்ரலில் நடப்போர்க்கும் துவிச்சக்கர வண்டிகளுக்கும் திறக்கப்பட்டது. முன்னர் புகை திணறிய இருளிலே இப்போது சிறுவர் தம் குரலின் எதிரொலியைக் கேட்டபடி செல்கின்றனர்.