110 சதுர அடியில் ஒரு வீடு

இங்கிலாந்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ பகிர்ந்து வாழும் வாடகை வீடுகளுக்கு ஒரு விதி இருக்கிறது. ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. இருவர் என்றால் 10.22 சதுர மீட்டர், நம் கணக்கில் 110 சதுர அடி. 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மேற்படிப்புக்குப் போன நாங்கள் இருவர் கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஓராண்டு வாழ்ந்த அறை அந்த அளவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். இருவருமே காலனியில் வளர்ந்தவர்கள். சின்ன இடத்தில் புழங்குவது எங்களுக்குப் புதிதல்ல.

அந்த அறை கிடைப்பதற்கு முன்னால் பட்டதுதான் பாடு. ஈஸ்ட் ஹாமில் தமிழ்க் கடை, தமிழ் உணவகம், கோயில் எல்லாம் உண்டு. கடைக் கண்ணாடியில் ஒட்டிய வாடகைச் சீட்டுகளில் "சைவம் மட்டும்" என்ற வரியும் உண்டு. போன் செய்தால் "எந்த ஊர்?" என்பார்கள். சொன்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" அதையும் சொன்னால் "அப்பா என்ன பண்றார்?" வாடகை கட்ட முடியுமா என்று கேட்டவர்கள் குறைவு. ஒரு வீட்டில் மூன்றாவது கேள்விக்குப் பிறகு, "வேற ஆளுக்குப் பேசியாச்சு" என்றார்கள். அடுத்த வாரமும் அதே சீட்டு அதே கண்ணாடியில் இருந்தது.

இதை எங்கே போய்ச் சொல்வது? 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2013-ல் முடிவெடுத்தது. 2018-ல் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அதைக் கைவிட்டது. அறையின் நீள அகலத்தை அளக்கும் சட்டம், அறைக் கதவை யார் முகத்தில் சாத்துகிறார்கள் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.

அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அண்ணல் அம்பேத்கருக்கு அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அதே அண்ணல் 1921-22-ல் லண்டன் கிங் ஹென்றீஸ் சாலை 10-ஆம் எண் வீட்டில் தங்கிப் படித்தார். அந்த வீட்டை 2015-ல் மகாராஷ்டிர அரசு வாங்கியது. இன்று அது நினைவில்லம். வெள்ளையரிடம் நிறவெறி இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் எங்களிடம் தெருவை விசாரித்தவர்கள் நம்மவர்கள்தான்.

கடைசியில் அறை கொடுத்தது ஒரு வங்கதேசக் குடும்பம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அடித்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வோம் என்றார்கள். ஆகவே அண்ணல் படத்தை ஒட்டும் பசையில் ஒட்டினோம். எங்கே ஒட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் ஒரு ராத்திரி முழுக்க வாக்குவாதம். கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரா, அலமாரிக் கதவின் உள்பக்கமா? வகுப்புத் தோழர்கள் வருவார்களே என்றார் எங்களில் ஒருவர். வரட்டும், அதற்குத்தானே என்றார் மற்றவர். கதவுக்கு நேர் எதிரே ஒட்டினோம். வழக்கமாக வந்துகொண்டிருந்த இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். அதுவரை பேசாத ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நானும்தான்" என்று மெதுவாகச் சொல்லி உட்கார்ந்தார். பிறகு ஞாயிறுதோறும் வந்தார்.

ஞாயிறு என்றால் மாட்டுக்கறி. ஊரில் கறுப்புப் பையில் சுற்றி எடுத்துவரும் கறியை இங்கே ஹலால் கடையில் சத்தமாகக் கேட்டு வாங்கினோம். கருவாடு வறுத்தால் புகை அலாரம் கத்தும். ஒருவர் வறுக்க, ஒருவர் துண்டால் விசிற வேண்டும். அந்தக் கூத்துக்கும் வாசனைக்கும் நடுவில்தான் அது எங்கள் வீடானது. மெத்தை விரிப்பும் மேசை விளக்கும் வாங்கியபோது ஆகவில்லை.

வெளிநாடு போகும் தம்பி தங்கைகளே, அடையாளத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாதுகாப்பைப் பொறுத்து நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஒன்று மட்டும் செய்யுங்கள். அங்கே முன்னால் போன நம் மாணவர்களைப் புறப்படும் முன்பே தேடிப் பிடியுங்கள். நாளை உங்களுக்கு ஓர் அறை கிடைத்தால், அடுத்து வருகிறவர் முதல் வாரம் படுக்க ஒரு பாய்க்கு இடம் ஒதுக்குங்கள்.

ஜெய் பீம்.