விமான எஞ்சினுக்கும் பிபி பார்க்கணும்

மனிதனுக்கு ரத்த அழுத்தம் எப்படியோ
அப்படித்தான் எஞ்சினுக்கு ஆயில் பிரஷர்.

"டாக்டருக்கு எஞ்சினில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்குங்க. பொறுமையா படிங்க.

என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். தன் வீட்டு கராஜில் வைத்தே இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கட்டிவிட்டான். ஆமாங்க, நிஜ விமானம்தான்.

அங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. கட்டுமான வேலையில் பெரும்பகுதியை, தான் கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ, அமெச்சூராகச் செய்திருக்க வேண்டும். 'எக்ஸ்பெரிமெண்டல்' என்று விமானத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பொதுவாக முதல் 25 முதல் 40 மணி நேரம் சோதனைப் பறத்தல். அதுவரை பயணிகளை ஏற்றக்கூடாது.

நண்பன் போட்டிருப்பது பழைய நான்கு சிலிண்டர் லைகமிங் எஞ்சின். முதல் பறத்தலுக்கு முன் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறான்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் பிரஷர் 80 பிஎஸ்ஐ. அருமை.
நன்றாகச் சூடானதும் ஐடிலில் 15.
இருக்க வேண்டியது குறைந்தது 25.

எனக்கு போன் செய்தான்.

"டேய் டாக்டரு, மீட்டர்தான் தப்பா காட்டுதுன்னு நினைக்கிறேன். எஞ்சின் சத்தமெல்லாம் சூப்பரா இருக்கு. வர்ற சனிக்கிழமை பறந்துடலாம்னு இருக்கேன்."

இந்த வசனத்தை நான் தினமும் ஓபியில் கேட்கிறேன்.

"மிஷின் தப்பா காட்டுது சார். எனக்கு உடம்புல ஒண்ணுமே இல்ல, நல்லாத்தான் இருக்கேன்."

எஞ்சின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிரஷர் பற்றித் தெரியும். அதனால் அவனிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அவன் பதில் சொல்லச் சொல்ல, எனக்கு எங்கள் பிசியாலஜி வகுப்பே திரும்பக் கேட்டது போல இருந்தது.

ஆயில் பம்ப்தான் இதயம்.
பேரிங்குகளில் இருக்கும் நூலிழை இடைவெளிகள்தான் சிறு ரத்தக்குழாய்கள்.
பம்ப் தள்ளும் ஆயிலுக்கு அந்த இடைவெளிகள் கொடுக்கும் எதிர்ப்பில்தான் பிரஷர் உருவாகிறது.

ஆயில் சூடானால் இளகும். எதிர்ப்பு குறையும். பிரஷர் கொஞ்சம் இறங்குவது இயல்பு. எவ்வளவு இறங்கலாம் என்பதற்குத்தான் அந்த 25 என்ற எல்லை.

பிரஷர் எல்லை மீறி ஏறினால் ஆயிலைத் திருப்பி அனுப்ப ஒரு ரிலீஃப் வால்வு உண்டு. ஒரு குண்டு, அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான்.

சரி, பிரஷர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதில்லை. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. ஆயில் வரத்து நின்றால் இரும்போடு உலோகம் உரசும். சற்று நேரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

கார் என்றால் ஓரமாக நிறுத்திவிடலாம்.
வானத்தில் ஏதுங்க ஓரம்?

நண்பன் வரிசையாகத் தேடினான்.

முதலில் ஆயில் அளவு. சரியாக இருந்தது. ஆயிலின் கிரேடும் சரி.

அடுத்து பிரஷர் சென்சார். அது எஞ்சின் உடம்பு வழியாக எர்த் எடுக்கும் வகை. மரையில் கசியக் கூடாது என்று சுற்றிய டெஃப்லான் டேப், எர்த்தைக் கெடுத்திருந்தது. மீட்டர் முள் அவ்வப்போது ஆடியதற்குக் காரணம் அதுதான். சரி செய்தான். முள் ஆட்டம் நின்றது.

"பாத்தியா, நான்தான் சொன்னேன்ல, மீட்டர் கோளாறுன்னு!"

"இப்ப எவ்ளோ காட்டுது?"

"...16."

இந்த இடம்தான் முக்கியம். ஒரு கோளாறு கிடைத்ததும் மனசு "கண்டுபிடிச்சாச்சு" என்று தேடுவதை நிறுத்திவிடும். எக்ஸ்ரேயில் ஒரு எலும்பு முறிவைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டாவது முறிவைத் தவறவிடும் ஆபத்து எங்கள் தொழிலிலும் உண்டு. கிடைத்த கோளாறு, நாம் தேடி வந்த கோளாறுதானா என்று கேட்க வேண்டும்.

அடுத்து, வயரே இல்லாத சாதாரண மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை நேராக எஞ்சினில் பொருத்தினான். அதிலும் சூட்டில் 16.

ஆக, மீட்டர் சொன்னது உண்மை.

பிறகு ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரித்து, மடிப்பு மடிப்பாக உலோகத் துகள் தேடினான். துகள் இருந்தால் பேரிங் தேய்கிறது என்று பொருள். நல்லவேளை, இல்லை.

இதற்கிடையில் யாரோ அவனுக்கு ஒரு குறுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கு, பிரஷர் ஏறிவிடும் என்று.

"டேய், ரத்தம் கொட்டிட்டு இருக்கிற பேஷண்ட்டுக்கு, கொட்டுற இடத்தைப் பார்க்காம பிபி ஏத்துற மருந்தை மட்டும் போடுற மாதிரிடா அது. மானிட்டர்ல நம்பர் அழகா இருக்கும். ஆள் இருக்க மாட்டான்" என்றேன்.

வாஷர் போடவில்லை. வால்வைக் கழற்றிப் பார்த்தான். குண்டு உட்காரும் இடத்தில் கடுகை விடச் சிறிய கரித்துகள் ஒன்று.

அதனால் குண்டு முழுசாக மூடவில்லை. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அந்தச் சந்து பெரிதாகத் தெரியவில்லை. சூடாகி இளகியதும், பம்ப் மெதுவாகச் சுற்றும் ஐடிலில், அதன் வழியே பிரஷர் ஒழுகிவிட்டது.

சுத்தம் செய்து மாட்டினான். சூட்டில், ஐடிலில் 34.

சனிக்கிழமை திட்டம் மூன்று வாரம் தள்ளிப்போனது. பிறகு பறந்தான். பத்திரமாக இறங்கினான்.

போன மாதம் ஓபிக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். கையில் சின்னக் காயம், கட்டுப் போட வந்தவர். பிபி 200/120. உட்கார வைத்து மறுபடி பார்த்தும் அதேதான்.

"மிஷின் கோளாறு சார். எனக்கு தலைவலி கூட இல்ல."

"அண்ணே, வண்டி ஓட்டும்போது சிவப்பா ஆயில் லைட் எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"உடனே ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணிடுவேன் சார். ஓட்டினா எஞ்சின் காலி."

"வண்டி சத்தம் நல்லாத்தானே இருக்கு, லைட்டு கோளாறுன்னு ஓட்ட மாட்டீங்களா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"மாத்திரை எழுதுங்க சார்" என்றார்.
அன்றே இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டு போனார்.

உங்களுக்கும் இவ்வளவுதாங்க சொல்ல வந்தேன்.

வீட்டு பிபி மிஷின் அதிகமாகக் காட்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கைக்குச் சரியான அளவு பட்டை சுற்றி, மறுபடி பாருங்கள்.

சுகர் மிஷின் அதிகமாகக் காட்டினால் கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, மறுபடி பாருங்கள். விரலில் ஒட்டிய பழச்சாறு கூட நம்பரை ஏற்றிவிடும்.

மறுபடியும் அதே நம்பர் வந்தால், அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் வேறொரு மிஷினில் சரிபாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது இருந்தால் மறுபடி பார்க்கவெல்லாம் காத்திருக்காதீர்கள். உடனே 108.

மிஷின் தப்பாகக் காட்டலாம். மறுக்கவில்லை.
ஆனால் தப்பு என்று நிரூபிக்கும் வரை, அது சொல்வது உண்மைதான்.