எந்த நாட்டிலிருந்து வந்த காய்ச்சல்?



மருதமுனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்று வரை ஒருமுறை வந்து பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று ஊருக்கு மேல் ஊர் வரும். இடப்புறம் கடல், வலப்புறம் ஊர்களுக்கு அப்பால் வயல்வெளி. இந்த ஊர்களில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்துவிட்டால் வீடு கலியாண வீடுதான். மாமி, சாச்சி, ராத்தா, அயல் வீட்டார் எல்லோரும் விறாந்தையில் இருந்து நடுநிசி வரை பேசுவார்கள். அந்த மகிழ்ச்சியோடு சேர்ந்து வரக்கூடிய ஒரு நோயைப் பற்றித்தான் இக்கட்டுரை.

உங்கள் உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். குளிர் காய்ச்சலில் போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுக்கம் நில்லாத கதையையும், சுவருக்கு மருந்தடிக்க ஆட்கள் வந்த கதையையும் சொல்வார். 1934-35 கொள்ளைநோயில் இலங்கையில் சுமார் 80,000 பேர் மாண்டனர். 1999இலும் 260,000 பேருக்கு மேல் மலேரியா கண்டது. பின்னர் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் அயராத உழைப்பினால் 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நமக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைத் தந்தது.

நோய்தான் போனது, நுளம்பு போகவில்லை. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு வற்றும் ஆற்றின் மணற்குழிகளில் இன்றும் பெருகுகிறது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் வளரும் இன்னோர் இனம் 2016இல் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. நோயோடு வந்தவரை இரவில் கடிக்கும் நுளம்பு, சில நாட்களின் பின் பக்கத்தில் உறங்கும் பிள்ளையைக் கடித்தால் என்னவாகும்?

உலகில் மலேரியாவால் இறப்போரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் ஆபிரிக்காவில்தான். மாணிக்க வியாபாரத்துக்கோ, தொழிலுக்கோ, ஜமாஅத்திலோ அங்கு போய்வருவோர் உண்டு. இந்தியாவின் சில மாநிலங்களிலும் இந்நோய் இருக்கிறது. 2023இல் ஆபிரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் நம் நாட்டிலேயே மலேரியாவால் உயிரிழந்தார்.

நம் பகுதியில் மாரியில் காய்ச்சல் என்றதும் டெங்கு என்றே நினைப்போம். பனடோல் கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம். இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதே இல்லை. பல்சிபாரம் என்னும் கொடிய வகையோ சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும். வைவாக்ஸ் என்னும் மற்றொரு வகை ஈரலில் ஒளிந்திருந்து, பல மாதங்கள் கழித்தும் காய்ச்சலாக வெளிவரும்.

ஆகவே, வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "டொக்டர், இவர் இன்ன நாட்டுக்குப் போய் வந்தவர், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள்." திரும்பி வந்து ஒரு வருடம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் இதைச் சொல்ல மறவாதீர்கள். அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உரிய நேரத்தில் கொடுத்தால் முற்றாகக் குணமாகும் நோய் இது.

பயணம் புறப்படுபவருக்கு ஊறுகாயும் மாசித்தூளும் கட்டிக் கொடுக்கும் கை, ஒரு நுளம்பு வலையையும் சேர்த்துக் கட்டட்டும். மலேரியாத் தடுப்பு இயக்கம் பயணிகளுக்குத் தடுப்பு மாத்திரையும் இலவசமாகத் தருகிறது. அதைப் போகுமுன் தொடங்கி, திரும்பிய பின்னும் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும். "வீட்டுக்கு வந்தாச்சுதானே" என்று பலர் இடையில் விட்டுவிடுவார்கள். அந்த மிச்ச மாத்திரையைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.