ஒரு நாளுக்கு ஓர் ஊர்

ஊர் சுற்றுவதிலும் பேராசை உண்டு, சகோதரிகளே! அம்மாவுடன் திண்டுக்கல்லில் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கினேன். பழநியையும் கொடைக்கானலையும் ஒரே நாளில் பார்த்துவிடத் துடித்தேன்.

"என் முழங்கால் தாங்காதடி. நான் சமையலைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்றாள் அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. எந்த ஊருக்குப் போனாலும் அவள் கண்டது அடுப்பங்கரைதானே?

திட்டத்தை மாற்றினேன். வாரம் ஓர் ஊர். மாலைக் காப்பிக்கு வீடு திரும்பிவிட வேண்டும். முதலில் தாடிக்கொம்பு பெருமாள் கோயில் சிற்பங்கள். அடுத்து, 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் அய்யர் 1872-ல் பிறந்த வத்தலக்குண்டு. பிறகு சின்னாளபட்டி. அங்கே அம்மா சாவகாசமாக உட்கார்ந்து ஒரு சுங்குடிச் சேலையைப் பொறுக்கினாள்.

"யாருக்கம்மா?"

"எனக்குத்தான்!"

கொடைக்கானல் எங்கே ஓடிவிடப் போகிறது?