சின்னுவுக்கு எவ்வளவு நடை?



சுவர் இதழுக்கு ஏதாவது எழுது என்று தமிழ் ஐயா சொன்னதும் கடல், மரம், சுற்றுச்சூழல் என்று நிறைய யோசித்தேன். கடைசியில் எங்கள் வீட்டு நாய் சின்னுவைப் பற்றியே எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள். இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது.

எங்கள் அம்மா கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வீட்டு வேலைக்குப் போகிறார். அங்கே ஒரு வீட்டுக்காரர்களுக்கு மும்பைக்கு மாற்றல் வந்தது. நாயைக் கொண்டு போக முடியாது என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் வைத்த பெயர் ஸ்நோயி. எங்கள் ஆயாவுக்கு அது வாயில் நுழையவில்லை. ‘சின்னோயி, சின்னோயி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு சின்னு ஆகிவிட்டான். வெள்ளை முடி, சுருட்டிய வால், ஏழு கிலோ எடை. எல்லோரும் பொமரேனியன் என்கிறார்கள். ஆனால் நம் நாட்டில் அப்படிச் சொல்லப்படும் நாய்கள் நிறைய உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் இனம்தானாம்.

வந்தபோது சின்னு கொழுகொழுவென்று இருந்தான். நாயை தினமும் நடக்க விடணும் என்று அம்மா சொன்னார். நடந்தால் நல்லது என்றால், அதிகம் நடந்தால் அதிகம் நல்லதுதானே? இப்படி நானே ஒரு கணக்குப் போட்டேன். கணக்கில் என் மார்க் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

போன மே மாத லீவு. கத்திரி வெயில். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை இருக்கிறது அல்லவா? அதற்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் சித்தி வீடு. சித்தி பொண்ணுங்களிடம் சின்னுவைக் காட்டிப் பெருமை அடிக்கணும்னு எனக்கு ஆசை. பத்து மணிக்கு மேல் கிளம்பினேன். “வாணாம் பாப்பா, வெயில் தாழப் போ” என்று ஆயா சொன்னார். நான் கேட்கவில்லை.

பாதி தூரம் குதித்துக்கொண்டு வந்தான். அப்புறம் நாக்கைத் தொங்கப் போட்டான். நிழல் கண்ட இடத்தில் எல்லாம் நின்றான். அடம் பிடிக்கிறான் என்று நினைத்து இரண்டு முறை சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கோட்டைச் சுவர் தெரிகிற இடத்தில் ரோட்டோரமாக அப்படியே படுத்துவிட்டான். நாக்கு செக்கச்செவேல் என்று இருந்தது. எச்சில் ஒழுகியது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பினான். எனக்குக் கை கால் எல்லாம் நடுங்கியது.

டீக்கடை அக்கா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டு வந்து அவன் வயிற்றிலும் காலிலும் ஊற்றினார். ஒரு ஆட்டோ அண்ணன் காசு வாங்காமல் மாட்டு ஆஸ்பத்திரியில் கொண்டு விட்டார். டாக்டர் அம்மா ஊசி போட்டு டிரிப் ஏற்றினார். அப்புறம் சின்னுவின் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். கீழே இருக்கும் கறுப்பு மெத்தை கொப்பளித்திருந்தது.

“நீ செருப்பு போட்டிருந்தியாம்மா?” என்று கேட்டார்.

போட்டிருந்தேன். ஒன்றும் பேச முடியவில்லை.

டாக்டர் அம்மா சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் உதவும்.

1. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும். மூச்சு இரைத்துத்தான் அது சூட்டை வெளியே விடும். நம் ஊர் மாதிரி கடலோரத்தில் புழுக்கமான நாளில் அதுவும் சரியாக நடக்காது.

2. ஆரோக்கியமான சின்ன நாய்க்கு ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணி முதல் ஒரு மணி நேர நடை போதும். ஒரே மூச்சில் வேண்டாம். காலை, மாலை என்று பிரிக்க வேண்டும்.

3. குட்டிக்கு ஒரு மாதத்துக்கு ஐந்து நிமிடம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. நான்கு மாதக் குட்டி என்றால் ஒரு தடவைக்கு 20 நிமிடம். தடுப்பூசி போட்ட பிறகுதான் தெருவுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

4. ‘பக்’ மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். வயசான நாயும் அப்படித்தான். கொஞ்ச தூரம் போதும்.

5. புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். நம் கை தாங்கவில்லை என்றால் அதன் காலும் தாங்காது.

6. சின்ன நாய்க்குக் கழுத்துப் பட்டையை விட மார்புப் பட்டை நல்லது. கழுத்தில் இழுத்தால் மூச்சுக்குழாய் பாதிக்கும்.

பொமரேனியா என்பது பால்டிக் கடல் ஓரத்தில், இன்றைய ஜெர்மனியிலும் போலந்திலும் இருக்கும் பகுதி என்று அறிவியல் டீச்சர் சொன்னார். பனிப் பிரதேசத்து நாய்களின் வம்சமாம். அதனால்தான் இரண்டு அடுக்கு முடி. நம் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டிருக்கிறார்கள். அது நீளக் கால் உள்ள வேட்டை நாய். அதோடு சின்னு போட்டி போட முடியுமா? சின்னு தேறிய பிறகு எண்ணிப் பார்த்தேன். நான் பத்து அடி வைப்பதற்குள் அவன் முன்னங்கால்கள் இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து அடி வைக்கின்றன. எனக்கு ஒரு மணி நேரம் என்பது அவனுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பத்து நாள் கட்டுப் போட்டு வீட்டிலேயே இருந்தான். மூன்றாம் நாள் ஆணியில் மாட்டியிருந்த சங்கிலி என் கை பட்டு ஆடியது. அந்தச் சத்தம் கேட்டதும் கட்டுப் போட்ட காலோடு நொண்டி நொண்டி வந்து வாசலில் நின்று வாலை ஆட்டினான். கூட்டிப் போ என்று என்னையே பார்த்தான். என் மேல் அவனுக்குக் கோபமே இல்லை. அன்றைக்குத்தான் நான் ரொம்ப அழுதேன்.

இப்போது காலை ஐந்தே முக்காலுக்கு 20 நிமிடம், பொழுது சாய்ந்த பிறகு 20 நிமிடம். ஆயாவும் கூட வருகிறார். அவருக்குச் சுகர் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்லியும் இத்தனை நாள் நடக்கவில்லை. உய்யாலிக்குப்பம் பக்கம் ஈர மணலில் மெதுவாகப் போவோம். சின்னு மோந்து பார்க்க நின்றால் ஆயாவும் நின்று மூச்சு விட்டுக்கொள்வார்.

நம் பள்ளியில் சிலர் நாயை சைக்கிளில் கட்டி ஓட வைக்கிறீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். அது ஜாலியாக ஓடுகிறது என்று நினைக்காதீங்க. விட்டுப் போக மனசில்லாமல் ஓடி வருகிறது. சிலர் நாள் முழுக்கக் கட்டியே போடுகிறீர்கள். அதுவும் பாவம்தான். போதும் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. நாம்தான் பார்த்து நிற்க வேண்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
புதுப்பட்டினம்.