குறுக்கே வராதீங்க

ஆலங்காயத்தில் எங்கள் ஆயா வீட்டில் சகுனம் பார்க்காமல் ஒரு துரும்பும் அசையாது. அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை. நான் படித்ததும் அங்கேதான், பிரெஞ்சு வழியில். பெரிய லீவு விட்டால் வாணியம்பாடியில் ரயிலிறங்கி ஆலங்காயம் பஸ்ஸைப் பிடிப்போம். அன்றிலிருந்து பள்ளி திறக்கும்வரை ஆயாவின் சட்டம்தான்.

விளக்கு வைத்த பிறகு ஊசி, உப்பு, மோர் எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. நகம் வெட்டக் கூடாது. வீடு பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள். (பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இரவில் பெருக்கினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பார்களாம். சிம்னி வெளிச்சத்தில் கழன்று விழுந்த மூக்குத்தியும் குப்பையோடு போய்விடும் என்ற பயம் எல்லா ஊருக்கும் பொதுதானே!) கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும்.

பல்லிக்குத் தனி மரியாதை. அது உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பாம்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். ஆயா காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தவர். தொட்டவரைத் தொட்டாலும் தோஷம் போய்விடும் என்பதால், ஓடிப்போய் ஆயாவின் கையைப் பிடித்தால் போதும். பயம் தெளிய ஒரு வெல்லக்கட்டியும் கிடைக்கும். அந்த வெல்லத்துக்காகவே என் தம்பி மேல் வாரத்துக்கு இரண்டு பல்லி விழுந்தது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினால் அங்கே வேறு பஞ்சாங்கம். பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் ஆசிரியர் ஒருவர் எதையும் தொடங்க மாட்டார். மேசையில் ரொட்டி தலைகீழாகக் கிடந்தால் பதறிப்போய்த் திருப்பி வைப்பார். கறுப்புப் பூனை மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. ஆயா வீட்டில் "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் "ஓ ரெவுவார்" என்பதற்கும் மறுபடி பார்க்கும்வரை என்றுதான் பொருள். அதை ஆயாவிடம் சொன்னபோது, "பரவாயில்லியே, வெள்ளைக்காரனுக்கும் புத்தி இருக்குது" என்றார்.

தும்மலும் பல்லியும் யாரையும் ஒன்றும் செய்துவிடவில்லை. அத்தை விஷயம் அப்படியல்ல.

அப்பாவின் தங்கை. இருபது வயதுக்குள் தாலியறுத்து, பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். பெரியப்பா வாணியம்பாடியில் ஒரு டேனரியில் கணக்கு எழுதினார். அவருக்காக நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்து, குழம்பு கூட்டி, தூக்குச்சட்டியைத் துணியில் கட்டி வைப்பது அத்தைதான். திங்கட்கிழமையானால் ஏழரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பெரியப்பா படியிறங்கியாக வேண்டும். அவர் செருப்பை மாட்டும்போது ஆயா குரல் கொடுப்பார்: "யாரும் குறுக்கே வராதீங்க!" வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தை அடுப்படிச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். தூக்குச்சட்டியை அங்கிருந்து கூடத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. பெரியப்பாவின் மகள் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வருவாள்.

ஒருமுறை டேனரியில் இரண்டு மாதம் சம்பளம் கொடுக்கவில்லை. "எவ மூஞ்சில முழிச்சிட்டுப் போனானோ" என்றார் ஆயா. அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி கேட்டது. விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது என்று பின்னாளில் படித்தேன். எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை.

எனக்கு எழுத்தர் வேலை உத்தரவு வந்தபோது ஆசி வாங்க ஆலங்காயம் போனேன். புறப்படும் நாளில் அத்தையை எதிரே வரச் சொன்னேன்.

"வேணாம்ப்பா. நாளைக்கு உனக்கு ஒரு தலைவலி வந்தாலும் என்னியத்தான் சொல்லுவாங்க" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "எனக்கே அப்படித்தான் தோணும்" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை. கிணற்றடிக்குப் போய் அவர் காலைத் தொட்டுவிட்டு, அப்படியே கொல்லை வழியாகப் பஸ்ஸுக்குப் போனேன். வாசலில் காத்திருந்த ஆயாவுக்கு அது பெரிய அபசகுனம்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. அன்றைக்கு லீவு போட்டு ஊரில் இருந்தேன். பிற்பகலில் சூரிய கிரகணம். முழு கிரகணம் கர்நாடகம், ஆந்திரம் பக்கம்தான் என்றாலும் எங்களுக்கும் பெரும்பகுதி மறைந்தது. எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் காவலூர். அங்கே 1968 முதல் வானத்தை ஆராய்கிறார்கள். யுரேனஸ் கோளுக்கு வளையம் உண்டென்று 1977-இல் தெரியவந்ததில் காவலூருக்கும் பங்குண்டு. இத்தனை பக்கத்தில் இருந்தும் ஆலங்காயத்தில் அன்று ஒரு கதவும் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் பால், தயிர், ஊறுகாய் எல்லாவற்றிலும் தர்ப்பைப்புல். உலக்கை நிற்கிறதா என்று தாம்பாளத்துத் தண்ணீரில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தெருக்கோடிப் புளியமரத்தில் கட்டிய ஆடுகள் நினைவுக்கு வந்தன. யாரும் அசையவில்லை. "எனக்கு இனிமே புதுசா என்னா ஆவப்போவுது" என்று அத்தை தாழ்ப்பாளை நீக்கிவிட்டு இறங்கினார்.

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். மங்கிய வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. எப்போதும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் போகிறவர், நடுத்தெருவில் கையை வீசிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்தார். எதிரே வர யாருமில்லை. ஆடுகளை ஓட்டிவந்து வாசலில் கட்டிவிட்டுத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"காத்து ஜில்லுனு இருக்குது. யாராச்சும் வாங்களேன்."

உள்ளேயிருந்து ஆயா ஏதோ கத்தினார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்து ஆடுகள் படுத்துக்கொண்டன.